தார் ஆலைக் கமலவேணி

தாமான் என்று நாங்கள் சொல்கிற எங்கள் குடியிருப்புக்கும் தார் ஆலைக்கும் நடுவில் ஒரு செம்பனைத் தோட்டம்தான் இருக்கிறது. நடந்து போனால் கால் மணி நேரம். காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டால் தார் வாடை வந்து சேர இரண்டு நிமிடம் போதும். சிம்பாங் அம்பாட்டில் வீடு மலிவு என்று ஓடி வந்து வாங்கிய எங்களில் பாதிப் பேருக்கு, தோட்டத்துக்குப் பின்னால் ஆலை இருப்பதே சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கமலவேணி அக்காவுக்கு மட்டும் முன்பே தெரியும். அந்த ஆலையை ஓட்டுவதே அவர்தான்.

கல்லையும் மணலையும் பெரிய உருளைக்குள் விட்டுச் சூடாக்கி, தாரோடு கலந்து, சாலை போடுவதற்காக லோரியில் கொட்டி அனுப்புகிற ஆலை அது. பிரிமிக்ஸ் ஆலை என்போம். அத்தனை வேலையையும் மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி நடத்துகிறவர் வேணி அக்கா. வயது நாற்பத்தொன்பது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் மலாய்ப் பாடத்துக்கு மட்டும் ஏ வாங்கியவர். அந்த ஒரு ஏ பின்னால் அவரை எந்தப் பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அவர் ஆலையில் லோரிக்கு எடை போடும் குமாஸ்தாவாகத்தான் சேர்ந்தார். மூன்று வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஆபரேட்டர் வரவில்லை. அவருக்கு அன்றைக்குக் கல்யாணம். எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்தவர், லீவு கேட்க மறந்துவிட்டார். வெளியே லோரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்க, வேணி அக்கா மாடி ஏறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று வருடமாக எடைமேடை ஜன்னல் வழியாக அந்த ஆளின் கை போகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். முதல் லோரி சரியாக நிறைந்தது. இருபதாவது லோரியும் நிறைந்தது. பத்து நாள் கழித்து மாப்பிள்ளை திரும்பி வந்தபோது அவருக்கு எடைமேடையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

அவருடைய மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலவை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவார். மீட்டர் பழுதானால் ஃபிட்டர் மருதமுத்து, "அக்கா, கொஞ்சம் மோந்து சொல்லுங்க" என்று மாடி ஏறிக் கூப்பிட வருவாராம். ஐந்து டிகிரி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பாச்சாங்கில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வேலைக்குப் பக்கம் என்று எங்கள் தாமானுக்குக் குடி வந்தார். ஆலையின் பதிவேட்டில் பழைய விலாசத்தை மாற்றவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

போன வருடம் எங்கள் பொறுமை தீர்ந்தது. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் மலர்க்கொடி அத்தை வடகம் போட்டு விற்பவர். காய்கிற வடகத்தில் சாம்பல் நிறத் தூசி படிந்துவிடும். ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், போகவில்லை. வாங்கியவர்கள் "மிளகு வடகமா?" என்று கேட்டபோது, "ஆமா" என்று சொல்லி நான்கு நாள் சமாளித்தார். ஐந்தாம் நாள் ஒருவருக்குப் பல்லில் மணல் கடிபட்டது. அதோடு மிளகு வடகம் நின்றது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் கடைசி வீட்டு ராகினி டீச்சரின் ஆறு வயது மகள் சிரிக்கிற நிலையில் இல்லை. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். டீச்சர் ஜன்னலை எல்லாம் சாத்தி, மருந்துப் புகை விடும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தாமான் தலைவர் திருச்செல்வம் அண்ணன் பொது மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். தபால் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. எதுவானாலும் பதிவுத் தபாலில் போக வேண்டும்.

"கடுதாசி போடணும். நல்ல மலாய்ல போடணும். யாரு எழுதுறது?" என்று கேட்டார்.

எல்லாத் தலைகளும் வேணி அக்கா பக்கம் திரும்பின.

"அண்ணே, நான் அங்க வேலை செய்யிறேன் லா" என்றார் அக்கா.

"அதனாலதான் சொல்றேன். உனக்குத்தான் எல்லாம் தெரியும். பேரு போட வேணாம். தாமான் மக்கள்னு போட்டு நான் கையெழுத்து வைக்கிறேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ராகினி டீச்சர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டு பேனாவைக் கேட்டார்.

முதல் கடிதத்தை மரியாதையாக, பொதுப்படையாகத்தான் எழுதினார். தூசி வருகிறது, வாடை வருகிறது, தயவுசெய்து கவனிக்கவும். எழுதும்போது திருச்செல்வம் அண்ணன் குறுக்கே வந்து, "குண்டு குண்டா வெள்ளைப் புகை வருதே, அதை எழுது" என்றார்.

"அது நீராவி அண்ணே. கல்லுல இருக்கிற ஈரம் போவுது. அதால ஒண்ணும் ஆவாது. லோரில கொட்டும்போது லேசா நீலமா ஒண்ணு கெளம்பும் பாருங்க, அதுதான் தார்ப்புகை. அதுதான் கெட்டது. சாம்பல் கலர்ல வந்தா தூசி. கறுப்பா வந்தா அடுப்பு சரியா எரியலன்னு அர்த்தம்."

"அப்ப நாங்க இத்தனை நாளா திட்டுனது?"

"தண்ணியதான் திட்டியிருக்கீங்க."

கடிதம் போன ஐந்தாம் நாள் ஆலை மேனேஜர் இராஜரட்ணம் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாண வழிக் குடும்பம். பிறந்து வளர்ந்தது எல்லாம் மலாக்கா டவுனில்தான் என்றாலும் தாத்தா காலத்துப் பேச்சை விடாதவர். ஐம்பத்தெட்டு வயது, நரைத்த பெரிய மீசை, அந்தச் சூட்டிலும் டை கட்டிய கழுத்து.

"கமலம், பின்பக்கத்துச் சனம் கம்ப்ளெயின் போட்டிருக்கினம். நீர் நல்ல மலாய் எழுதுவீர்தானே? பதில் ஒண்டு அடிச்சுத் தாரும்."

அக்கா அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கினார். ஆலையில் எதையும் கம்ப்யூட்டரில்தான் அடிப்பார், அதனால் அவருடைய கையெழுத்து மேனேஜருக்குத் தெரியாது. தன் எழுத்தை முதல் முறை பார்ப்பவர் போல மேலிருந்து கீழ் வரை படித்தாராம். மண்டைக்குள் பத்து விதமான பதில் ஓடியது. வாயில் வந்தது, "சரி சார்."

அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நிர்வாகம் இதனைத் தீவிரமாகக் கருதுகிறது. கருவிகள் அனைத்தும் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அடுத்த கூட்டத்தில் திருச்செல்வம் அண்ணன் உறையைப் பிரித்து, "வேணி, நீயே படி. உனக்குத்தான் உச்சரிப்பு நல்லாருக்கும்" என்று நீட்டினார். அக்கா தான் எழுதியதைத் தானே எழுந்து நின்று படித்தார். படித்து முடித்ததும் மண்டபம் கொதித்தது.

"எவன் எழுதுனான் இதை?" என்று மலர்க்கொடி அத்தை கத்தினார். "முறையா பராமரிக்கிறானாம்! அவன் வாயில என் வடகத்தைப் போடணும்!"

"வார்த்தையைப் பாத்தியா, வழவழன்னு? மனசாட்சி இல்லாத ஆளு" என்றார் திருச்செல்வம் அண்ணன்.

அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம். யார் மேல் என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. மண்டபத்திலேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுத ஆரம்பித்தார். இந்த முறை மூன்று பக்கம்.

அதில் மரியாதை இருந்தது, மறைப்பு இல்லை. தூசியை வடிகட்டும் கூண்டுக்குள் தொங்குகிற துணிப் பைகளில் மூன்றாவது வரிசை கிழிந்து மாதக்கணக்காகிறது. மணலும் பொடிக்கல்லும் கூரையில்லாமல் மழையில் நனைகின்றன. நனைந்ததைக் காய வைக்க அடுப்பு இரண்டு மடங்கு எரிகிறது. கலவையை நூற்று எண்பது டிகிரி வரை கொதிக்க விடுகிறீர்கள், அத்தனை சூடு தேவையே இல்லை. லோரியில் கொட்டுகிற இடத்தில் தார்ப்புகையைப் பிடிக்க ஒரு மூடி கிடையாது. முறையாகப் பராமரிப்பதாக எழுதியவர் ஆலையை ஒருமுறையாவது நேரில் பார்த்தாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

கடைசி வரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. அப்படியே ஆலைக்கும், நகல் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் போனது.

இந்தக் கடிதத்தைப் படித்த இராஜரட்ணம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். "இதை எழுதினவன் லேசுப்பட்ட ஆள் இல்லை, கமலம். மூண்டாம் வரிசைப் பை கிழிஞ்சது இந்தக் கேட்டுக்கு உள்ள இருக்கிறவைக்குத்தான் தெரியும். எங்கட ஆள் ஒருத்தன் போய்ச் சொல்லியிருக்கிறான்."

எழுதினவன் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள் என்று கேட்க அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

சந்தேகம் மருதமுத்து தலையில் விழுந்தது. வடிகட்டிக் கூண்டுக்குள் ஏறி இறங்குகிற ஃபிட்டர் அவர்தான். போதாததற்கு அவருடைய மச்சான் எங்கள் தாமானில் இருக்கிறார். தலைமை அலுவலகம் அவரை ஜொகூரில் இருக்கும் கிளைக்கு மாற்றச் சொல்லிவிட்டது. மனைவிக்கு எட்டாம் மாதம். மருதமுத்து கண்ணாடி அறைக்கு வந்து நின்றார்.

"அக்கா, லீவு கடுதாசியே நீங்கதான் எனக்கு எழுதித் தர்றீங்க. நான் எங்க மூணு பக்கம் எழுதுறது? நீங்களாவது பெரியவருகிட்ட சொல்லுங்கக்கா."

அக்கா கலவையை நிறுத்தினார். இருபத்து மூன்று வருடத்தில் வேலை நேரத்தில் அவர் ஆலையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. படியிறங்கி நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், மருதமுத்து இல்ல. நான்தான்."

"என்ன நீர்தான்?"

"கடிதம் எழுதுனது."

"பதில் நீர் எழுதினது எனக்குத் தெரியும்தானே."

"கேள்வியும் நான்தான் சார்."

இராஜரட்ணம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். இரண்டு கடிதங்களையும் நடுவில் இருந்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆலையை ஒருமுறையாவது பார்த்தாரா எண்டு சந்தேகம்... இது நீர் உம்மையே கேட்டதோ?"

"ஆமா சார்."

"போம். போய் வேலையைப் பாரும்."

மருதமுத்துவின் மாற்றல் அன்றே ரத்தானது. ஆனால் மூன்று நாள் மேனேஜர் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் வாக்கி டாக்கியில் மட்டும் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் இருந்துகொண்டே! அக்கா வேலை போய்விடும் என்று முடிவு செய்து, கண்ணாடி அறையில் இருந்த தன் குவளையையும் சாமி படத்தையும் பைக்குள் எடுத்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தாமானுக்குள் ஒரு பழைய காடி வந்து நின்றது. டை கட்டாத இராஜரட்ணத்தை வேணி அக்காவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் யாரிடமும் பேசாமல், சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மலர்க்கொடி அத்தை வீட்டு ஜன்னலைத் துடைத்தார். அடுத்து வேலிக் கம்பியைத் துடைத்தார். மலர்க்கொடி அத்தை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஐயா, துடைக்கிறதா இருந்தா பின்னால ஃபேன் ஒண்ணு இருக்கு, அதையும் துடைச்சிடுங்க" என்றார்.

அதன் பிறகு ராகினி டீச்சர் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், அக்கா வீட்டு வாசலில் நின்று பால் விடாத தே ஓ கேட்டு வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை அக்காவைக் கூப்பிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஆறு கடிதங்கள். எல்லாம் அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதியவை. புதிய பைகள் வேண்டும், மணலுக்குக் கூரை வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறார்.

"ஆறு தரம் கேட்டனான், பிள்ளை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை. உம்மட ரெண்டு கடிதத்துக்கு அங்க இருந்து மூண்டு ஃபோன் வந்திருக்குது." கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "என்னட்டை மறைச்சது எனக்குக் கவலைதான். அது இருக்கட்டும். இப்ப மூண்டாம் கடிதம் எழுதும். பெரியாக்கள் நேரில வந்து பார்க்க வேணும் எண்டு எழுதும்."

"பதில் யாரு சார் எழுதுறது?"

"அதை நான் எழுதுறன். உமக்குக் கை வலிக்கும்."

பெரியாட்கள் மூன்று பேர் வந்தார்கள். மண்டபத்தில் மலர்க்கொடி அத்தை அன்று காலை காய வைத்த வடகத்தைப் பொரித்து ஒரு தட்டில் கொண்டு வந்து நடுவில் வைத்தார். "சாப்பிடுங்க, ஒங்க ஆலை மிளகு போட்டதுதான்." வேணி அக்கா அதை அழகான மலாயில் மொழிபெயர்த்தார். ஒருவரும் தொடவில்லை. மழிக்காத தாடியோடு இருந்த இளையவர் மட்டும் ஒன்றை உடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மற்ற இருவரிடமும் நீட்டினார்.

இரண்டு மாதத்தில் பைகள் வந்தன. ஆலையை நான்கு நாள் மூடி, நானூற்றுச் சொச்சம் பைகளையும் மாற்றினார்கள். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. ஒளிரும் பொடியைக் காற்றோடு உள்ளே விட்டு, பிறகு இருட்டான கூண்டுக்குள் ஊதா விளக்கோடு போய்ப் பார்க்க வேண்டும். ஒழுகிய இடம் பச்சையாக மின்னும். பொடியைக் கொட்டிய இராஜரட்ணம் தும்மிவிட்டார். கூண்டுக்குள் போய் மருதமுத்து விளக்கைப் போட்டதும் முதலில் மின்னியது மேனேஜரின் மீசை. தனியாக ஒரு பச்சை மீசை இருட்டில் மிதந்து, "என்ன பார்க்கிறீர்? பையைப் பாரும்!" என்று அதட்டியதாம். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு இரண்டு பைகளின் கழுத்து சரியாகப் பொருந்தாததைக் கண்டுபிடித்து மாற்றினார்கள்.

மணலுக்குக் கூரை போட்டார்கள். லோரியில் கொட்டும் இடத்தை மூன்று பக்கமும் அடைத்து, நீலப் புகையை உறிஞ்சி, திரும்ப அடுப்புக்கே அனுப்பி எரிக்கும்படி குழாய் வைத்தார்கள். இதெல்லாம் இரும்பு, சொன்னால் கேட்கும். மனிதர்கள்தான் கேட்கவில்லை. கலவையின் சூட்டை நூற்று ஐம்பத்தைந்துக்கு இறக்கினார் அக்கா. சாலை போடும் ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஜாசினில் இருந்து ஃபோனில் கத்தினார்: "அக்கா, பானாஸ் லாகி லா! சூடு பத்தல!"

"பத்தும். தார்ப்பாயை ரெண்டு மடிப்பா போட்டுக் கட்டச் சொல்லு. வழியில சாப்பாட்டுக் கடையில லோரிய நிப்பாட்ட வேணாம்னும் சொல்லு. இங்க இருந்து மிளகுத்தண்ணி மாதிரி கொதிக்க வச்சு அனுப்புவேன், உங்க டிரைவர் ரோட்டோரம் நாசி லெமாக் சாப்பிடுவாரு. அதுக்கு என் தாமான் புள்ளைங்க புகை குடிக்கணுமா?"

ஒரு வாரம் சண்டை நடந்தது. டிரைவர்கள் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார்கள். பிறகு சாலை நன்றாகவே படிகிறது என்று மண்டோரே சொன்னார். டீசல் குறைவாகச் செலவாகிறது என்று தெரிந்ததும் தலைமை அலுவலகத்துக்கும் திடீரென்று சுற்றுச்சூழல் மேல் பாசம் வந்துவிட்டது.

புகைபோக்கியில் ஏறி அளந்த ஆய்வுக்காரர்கள், தூசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் நன்றாகவே அடங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் மூன்று நான்கு மதியம் இன்னமும் வாடை வருகிறது. அப்போது திருச்செல்வம் அண்ணன் பதிவுத் தபாலுக்குக் காத்திருக்காமல் அக்காவுக்கு நேரே ஃபோன் போடுகிறார். ராகினி டீச்சரின் மகளுக்கு இந்த வருடம் மெஷின் எடுத்தது இரண்டே தடவை. ஆலை திருந்தியதாலா, பிள்ளை வளர்வதாலா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. டீச்சர் ஜன்னலைத் திறந்து வைக்கிறார், அது எனக்குத் தெரியும்.

விலாசத்தை மாற்றித் தரும்படி அக்காவுக்கு அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்த அன்றே கூடுதலாக ஒரு வேலையும் வந்தது. கம்பெனியின் மற்றக் கிளைகளுக்குப் போய்ப் புகையையும் தூசியையும் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். "நீர் குறை சொல்லுறதில கெட்டிக்காரி" என்று இராஜரட்ணமே பெயரைக் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் முதல் பயணம், நெகிரி செம்பிலான் பக்கம். கம்பெனி காடியை மருதமுத்து ஓட்டினார். மூன்று மாத மகளின் படத்தை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். கிளை மேனேஜர் கேட்டிலேயே காத்திருப்பதாக ஃபோன் வந்தது.

"அக்கா, நேரா ஆலைக்குத்தானே?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

மருதமுத்து கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். "ஆலையில இருந்து இடது பக்கமா."

"அப்ப இடது பக்கம் வீடு இருக்கா பாரு. மொதல்ல அங்க ஒட்டுக்கடையில ஒரு தே குடிச்சிட்டுப் போவோம்."